எமகண்டத்தில் விழுந்த மாலை

ராஜபாளையத்தில் யார் வீட்டு விசேஷ ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒருவர்கூடக் கண்ணை மூடியிருக்க மாட்டார். இந்த ஊர்க்காரர்கள் இமைப்பதே இல்லை போலிருக்கிறது என்று வெளியூர்ச் சம்பந்தி யாராவது நினைத்துக்கொண்டால் அதற்கு நாகஜோதிதான் காரணம். ஆவுடை டிஜிட்டல் ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து, மூன்று வருஷமாக அவள் ஊர்க்காரர்களின் கண்களைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் ‘கண்’ என்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. முக்கியமான ஆட்கள் எல்லோருடைய திறந்த கண்களும் அதில் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஒரு மில் முதலாளி எந்த மேடையில் ஏறினாலும் ஃபிளாஷ் அடிக்கிற நொடி பார்த்துக் கண்ணை மூடுவார். அவருக்கு மட்டும் பதினான்கு ஜோடி சேர்த்து வைத்திருந்தாள்.

கண் போக, தொப்பையைக் கரைப்பது, கறுப்பை வெளுப்பது, சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைப் பின்வரிசையில் சிரித்தபடி நிறுத்துவது எல்லாம் அவள் வேலைதான். மேடையில் கேமராவோடு நிற்பது மட்டும் அவள் வேலை இல்லை. அது முதலாளி ஆவுடையப்பனுடைய வேலை.

நாகஜோதிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு வருஷம் மில்லுக்குப் போய், அந்தச் சேமிப்பில் பழைய கேமரா ஒன்றை வாங்கியவள் அவள். அதைக் காட்டித்தான் ஸ்டுடியோவில் வேலை கேட்டாள். ஆவுடையப்பன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல கேமராவாச்சே” என்றார். பிறகு அவளைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“பொம்பளப்பிள்ள மேடையில ஏறி நின்னா எல்லாரும் உன்னப் பாப்பாங்களா, பொண்ணு மாப்பிள்ளையப் பாப்பாங்களா?” என்பது அவர் கேள்வி. “அதுவும் நீ வாயில்லாப் பூச்சி. நீ பேசுறது உனக்கே கேக்காது. நீ சொல்லி எவன்ட்டி நகருவான்?”

நாகஜோதி பதில் சொல்ல மாட்டாள். அவளுக்கும் பதில்கள் வரும். ஆனால் சாயங்காலம் மம்சாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆவுடையப்பன் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம், வன்னியம்பட்டியில் ஒரு பூப்புச் சடங்கு. வழக்கமாகக் கூலிக்கு வருகிற சிவகாசிக்காரருக்கும் அன்றைக்கு வேறு வேலை. கேமராவைக் கையால் தொட்டுப் பார்த்தவன்கூட அன்றைய முகூர்த்தத்துக்கு விலை போயிருந்தான். நாலு நாள் போன் பேசி ஓய்ந்த பிறகு ஆவுடையப்பன் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி ஜோதி, வன்னியம்பட்டி சடங்குக்கு நீ போயிட்டு வாரியா?”

நாகஜோதி எழுந்து நின்றுவிட்டாள்.

“ரொம்ப ஆடாத. ஒரு சொல்லு வராம அந்த ஆல்பம் பாஸ் ஆகட்டும். பொறவு புக்கிங்கெல்லாம் உன் பேருக்கே தாரேன். கார்டுலயும் உன் பேரப் போடுறேன். ஒரு சொல்லு வந்துச்சுன்னு வையி, அந்த நாற்காலிய விட்டு நீ எந்திரிக்கவே கூடாது. சரியா?”

“சரிண்ணே.”

“தாய்மாமன் ஐயாதுரை அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிளாட்டு போட்டு விக்கிறாருல்ல, அவரு. ஆல்பம் அவரு செலவு. அவரு பாத்துத் தலைய ஆட்டுனாத்தான் பாஸு. பிள்ளைய விட்டாலும் பரவால்ல, அவர விட்டுறாத.”

வன்னியம்பட்டி மண்டப வாசலில் அது உண்மைதான் என்று தெரிந்தது. முப்பது அடி ஃபிளக்ஸில் ஐயாதுரை பத்து விதமாக இருந்தார். கூலிங் கிளாஸ் போட்டு, கார்க் கதவைப் பிடித்து, கையைக் கட்டி, போனில் பேசி, போன் இல்லாமல் யோசித்து. சடங்குக்காரப் பிள்ளை பாண்டிசெல்வி கீழ்மூலையில் ஸ்டாம்ப் அளவுக்கு இருந்தாள். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் வயசுக்கு வந்தது ஐயாதுரைதான் என்று நினைப்பார்கள்.

பத்திரிகையில் நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று போட்டிருந்தது. ஒன்பதரைக்கு இளைய தாய்மாமன் விஜயபாண்டி வந்தார். பஸ் கண்டக்டர். இரண்டு ஆட்டோவில் இருபத்தொரு சீர்த் தட்டும், மனைவி குருவம்மாளும், வெட்கமும் அவரோடு வந்து இறங்கின. பெரிய மாமன் ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள். கிளம்பினது உண்மைதான். நூற்றியொரு தட்டு, கொட்டு, வேட்டு, திறந்த ஜீப், அதன்மேல் அவர், அவருக்கு மேலே மதுரையிலிருந்து வரவழைத்த டிரோன். டிரோன்காரன் ஒரு திருப்பத்துக்கு இரண்டு தடவை ‘ரிட்டேக்’ கேட்டிருக்கிறான். ஐயாதுரையும் சளைக்காமல் ஜீப்பைப் பின்னால் எடுத்து எடுத்து வந்திருக்கிறார். வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் டிரோன் ஒரு வேப்பமரத்தில் போய்ச் சொருகிக்கொண்டது. அது இறங்காமல் நானும் நகர மாட்டேன் என்று அவர் ஜீப்பிலேயே நின்றுவிட்டார்.

மண்டபத்தில் பிள்ளையின் அம்மா மாரிக்கனி ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போன் போட்டாள். “அண்ணே, எங்க வாரீக?” “இந்தா, விலக்குத்தான்.” பத்து மணியானதும் பெண்கள் பொறுக்கவில்லை. நேரம் தாண்டிரும், இளைய மாமனே போடட்டும் என்றார்கள். பத்து பத்துக்கு விஜயபாண்டி முதல் மாலையைப் போட்டார். போட்டுவிட்டு, திருடியவர் மாதிரி வாசலைப் பார்த்தார்.

பெரிய மாமன் உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டேகால். அதுவரை பாண்டிசெல்வி பட்டுக்குள் வெந்துகொண்டிருந்தாள். கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் மைக்கைப் பிடித்தவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. “இந்தச் சுபவேளையில், நல்ல நேரத்தில், நமது தாய்மாமன் அவர்கள்...” என்று அவர் இழுக்க, ஐயாதுரை மாலையை இரண்டு கையாலும் தூக்கினார்.

அந்த நொடியில் நாகஜோதி எடுத்த படம் அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் நல்ல படம். அவளுக்கே தெரிந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மாலை ஒவ்வொரு பூவாகத் தெரிந்தது. பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறாள். பின்னால் மாரிக்கனி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, நட்டநடுவில், சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரம் நிலா மாதிரி இருந்தது. அளவெடுத்து வைத்தது போல அது அமைந்ததில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

படங்களை அவள் ராத்திரி வீட்டில் லேப்டாப்பில் கொட்டிப் பார்த்தபோது வேறு சிலவும் நன்றாக வந்திருந்தன. பாண்டிசெல்வி மாலைக்குள்ளிருந்து கொட்டாவி விடுகிற படம் ஒன்று. கீழே வரிசையாக வைத்த சீர்த் தட்டுகளுக்கு நடுவில் குருவம்மாள் நிற்கிற படம் ஒன்று. முகம் மேடையைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. கால் மட்டும் தனியாக வேலை பார்த்தது. ஐயாதுரை வரிசையிலிருந்து ஒரு தட்டு மெல்ல நகர்ந்து விஜயபாண்டி வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து நாலு படம், நாலு தட்டு.

ஆல்பத்தில் அவற்றை எல்லாம் வைக்கக் கூடாது என்கிற அறிவு நாகஜோதிக்கு இருந்தது. கடிகாரத்தைப் பற்றித்தான் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆல்பத்தை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு ஆவுடையப்பனும் அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் ஐயாதுரை வீட்டுக்குப் போனார்கள். ஆல்பம் பாஸ் பண்ணுவதற்கென்றே சொந்தம் எல்லாம் வந்திருந்தது. மாரிக்கனி, அவள் புருஷன் மொக்கைச்சாமி, பாண்டிசெல்வி, விஜயபாண்டி, குருவம்மாள். சோபாவுக்கு இன்னும் பாலிதீன் உறை பிரிக்கவில்லை. யார் அசைந்தாலும் சத்தம் வந்தது. ஐயாதுரை, “சின்னதுல என்னத்தப் பாக்க? டிவியில மாட்டு” என்றார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருந்தது.

முதல் படங்கள் நன்றாகவே ஓடின. ஐயாதுரை ஜீப்பில் வருகிறார். ஐயாதுரை இறங்குகிறார். ஐயாதுரை செருப்பைக் கழற்றுகிறார். பிறகு அந்தப் படம் வந்தது. எல்லோரும் சோபாவில் சத்தம் வர முன்னால் நகர்ந்தார்கள்.

“யாரு எடுத்தது இத?” என்றார் ஐயாதுரை.

“நம்ம ஆங்கிள்தான் அண்ணாச்சி” என்று முந்திக்கொண்டார் ஆவுடையப்பன். “பிள்ளைக்கு ஒண்ணொண்ணா சொல்லிக்குடுத்துத்தான் அனுப்புனேன்.”

“ராசா மாதிரி இருக்கீகண்ணே” என்று மாரிக்கனி கண்ணைத் துடைத்தாள்.

“செத்த அப்பிடியே நிறுத்தும்மா” என்றாள் குருவம்மாள். “அத்தான் தலைக்கு மேல ரவுண்டா என்னமோ தெரியுதே. கடிகாரமா?”

“ஆமாக்கா” என்றாள் நாகஜோதி பெருமையாக.

“மணி என்ன காட்டுது? எனக்குக் கண்ணு அம்புட்டாத் தெரியல.” இரண்டு தெரு தள்ளிப் போகிறவள் காதில் கிடப்பது தங்கமா கவரிங்கா என்று சொல்லிவிடுகிறவள் குருவம்மாள்.

“பன்னெண்டு இருவது அத்தை” என்றாள் பாண்டிசெல்வி. பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது.

“ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலருந்து ஒண்ணரை...” குருவம்மாள் விரலை மடக்கினாள். “எமகண்டம்ல? நான் ஒண்ணும் சொல்லலப்பா. படத்துல இருக்கத்தான் சொல்றேன்.”

மாரிக்கனி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அய்யய்யோ, எம்பிள்ளைக்கு எமகண்டத்துலயா மாலை விழுந்துச்சு!”

அன்றைக்கு அவளும் அங்கேதான் இருந்தாள். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு பேர் கையிலும் போன் இருந்தது, போனில் மணி இருந்தது. சோறு ஆறிப்போனதை வைத்தே நேரத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு, ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியில் தெரிவது வேறு.

ஐயாதுரையின் முகம் டிவியில் ஒரு நிறமாகவும் சோபாவில் வேறு நிறமாகவும் இருந்தது. “ஆவுடை, என்னய்யா இது?”

“அண்ணாச்சி, நான் அன்னைக்குக் கல்யாணத்துல இருந்தேன். இவதான் எடுத்தா. எல்லாமே இவதான்.” ஆவுடையப்பன் நாகஜோதி பக்கம் திரும்பினார். “ஏட்டி, கடிகாரத்தக் கழட்டலையா நீ?”

“எதுக்குண்ணே கழட்டணும்?”

“எதுக்கா! மண்டபத்துக்குள்ள கால் வச்சதும் மொத வேலை அதுதானட்டி! ஸ்டூலப் போட்டு ஏறி, கடிகாரத்தக் கழட்டி, மேடைக்கு அடியில தள்ளிட்டுத்தான் கேமராவையே வெளியில எடுக்கணும். இருவத்தஞ்சு வருசமா நான் எடுத்த படத்துல எங்கயாச்சும் ஒரு மணி பாத்திருக்கியா நீ?”

நாகஜோதி யோசித்துப் பார்த்தாள். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அவள்தான் வடிவமைத்திருக்கிறாள். ஒன்றிலும் கடிகாரம் இல்லை. இந்தப் பக்கத்து மண்டபங்களில் கடிகாரமே மாட்டுவதில்லை என்று அவள் பாட்டுக்கு நினைத்திருந்தாள்.

“சரி விடு” என்றார் ஐயாதுரை. “கம்ப்யூட்டர்தான? அந்த முள்ளத் திருப்பு. ஒம்பது நாப்பதுன்னு வையி.”

நாகஜோதி அங்கேயே உட்கார்ந்து முள்ளைத் திருப்பினாள். மில் முதலாளிக்குக் கண் திறந்துவிட்ட கைக்கு இது ஒரு வேலையா? எமகண்டம் ஒழிந்தது. மாரிக்கனி நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

“அடுத்த படத்தப் போடும்மா” என்றாள் குருவம்மாள்.

அடுத்த படத்தில் விஜயபாண்டி மாலை போட்டுக்கொண்டிருந்தார். மேலே கடிகாரம் பத்து பத்து என்றது.

“ஓஹோ” என்றாள் குருவம்மாள். “ஒம்பது நாப்பதுக்கு அத்தான், பத்து பத்துக்கு அவிய. அப்ப மொத மாலை அத்தான் மாலையா? பொம்பளைக எல்லாம் சேந்து எங்க வீட்டு அவியளத்தான மொதல்ல கூப்பிட்டீக?”

“விடு குருவு” என்றார் விஜயபாண்டி, டிக்கெட் கிழிக்கிற குரலில்.

“நான் எதுக்கு விடணும்? ஏம்மா, எங்க படத்துக்கும் ஒம்பது இருவதுன்னு வையி.”

“வச்சுக்கோ” என்றார் ஐயாதுரை. “எனக்கு ஒம்பதுன்னு வையி.”

“அப்ப எங்களுக்கு எட்டே முக்கால்.”

“எட்டே முக்கால் நல்ல நேரமே இல்ல, பத்திரிகையில ஒம்பதுலருந்துதான் இருக்கு!”

“பத்திரிகையத் திருத்த முடியாதா? ஏம்மா, பத்திரிகையும் கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான?”

“எனக்கு எட்டு!”

“ஏழரை!”

“மாமா” என்றாள் பாண்டிசெல்வி, “ஏழரை மணிக்கு நான் பல்லே விளக்கல.”

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சடங்கு அவளுக்குத்தான் என்பதை மறந்து வெகு நேரம் ஆகியிருந்தது. நாகஜோதி இரண்டு கடிகாரத்தின் முள்ளையும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். விட்டிருந்தால் முந்தின நாள் சாயங்காலத்துக்கே மாலை விழுந்திருக்கும்.

அதுவரை உறங்கிக்கொண்டிருந்த மொக்கைச்சாமி அப்போதுதான் கண் விழித்தார். பிள்ளையைப் பெற்றவர். பசி வந்தால் மட்டும் பேசுகிறவர். “கடிகாரத்தத் தூக்கிட்டு ஒரு பிள்ளையார மாட்டுங்க. அண்ணனும் தம்பியும் ஒரே மாலைய ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுப் போடுற மாதிரி வைங்க. சாப்பிடப் போவோம்.”

ஐயாதுரை தம்பியைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். குருவம்மாள் பிள்ளையாரை ஒன்றும் சொல்ல முடியாதே என்று விட்டுக்கொடுத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு வருவதற்குள் நாகஜோதி அந்தப் படத்தைச் செய்து முடித்தாள். ஐயாதுரையை ஒரு படத்திலிருந்தும் விஜயபாண்டியை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்து, நடுவில் பிள்ளையை நிறுத்தினாள். விஜயபாண்டியின் வலது கை அவர் படத்தில் மறைந்திருந்தது. அதனால் ஐயாதுரையின் கையையே ஒன்று வெட்டி அவருக்கு வைத்தாள். தங்கக் காப்போடு சேர்ந்து வந்தது. கடிகாரம் இருந்த இடத்தில் பிள்ளையார் உட்கார்ந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அவிய கைக்குக் காப்பு எம்புட்டு எடுப்பா இருக்கு!” என்றாள் குருவம்மாள்.

மாரிக்கனி அழுதேவிட்டாள். “எங்க அண்ணனும் தம்பியும் சேந்து நின்னு மாலை போட்டது எனக்கு இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“நான்தான தம்பிய வாடான்னு கூப்பிட்டு, இந்தப் பக்கம் பிடிடான்னேன்” என்றார் ஐயாதுரை. அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. விஜயபாண்டி தலையை ஆட்டினார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது.

ஆல்பம் பாஸ். ஆவுடையப்பன், “எங்க ஸ்டுடியோ வேலைன்னா சும்மாவா அண்ணாச்சி?” என்று சோபாவில் சத்தம் வரச் சாய்ந்தார். அவள் எடுத்த அந்த நல்ல படம் ஆல்பத்தில் இனி எங்கேயும் இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“ஆவுடை, தையில எம்மவனுக்குக் கல்யாணம். நீயே வந்துரு” என்றார் ஐயாதுரை. “இந்தப் பிள்ளைக்குக் கை வேலை நல்லா வருது. இது கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். மேடைக்கெல்லாம் ஆம்பளதான் சரி. பாரு, ஒரு கடிகாரத்தக் கழட்டத் தெரியல.”

“அதத்தான நானும் சொல்றேன் அண்ணாச்சி.” ஆவுடையப்பன் நாகஜோதியைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டயா? ஒரு சொல்லு வந்துருச்சுல்ல?”

நாகஜோதி லேப்டாப்பை மூடினாள். வயரைச் சுற்றினாள். அழுகை வருவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வேலை முடித்துக் கிளம்புகிறபோது ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று ஆவுடையப்பன் பழக்கியிருந்த வார்த்தை ஒன்று இருந்தது. பின்னால் பிரிண்ட் வேண்டுமென்றால் ஸ்டுடியோவையே தேடி வருவார்கள் என்பதற்காக. அதை அவள் பழக்கத்தில் சொன்னாள்.

“ஒரிஜினல் எல்லாம் பத்திரமா எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. எப்ப வேணும்னாலும் கேளுங்க.”

ஐயாதுரை வெற்றிலையை மடிக்கிற கையை நிறுத்தினார். “ஒரிஜினல்னா?”

“அன்னைக்கு எடுத்தது எடுத்தபடி. கடிகாரத்தோட. அது போக, ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கேமராவே மணி போட்டு வச்சிரும்.”

“மாலைப் படம் மட்டுமா,” என்று குருவம்மாள் மெதுவாகக் கேட்டாள், “கீழ தட்டு வச்சிருந்ததெல்லாம் எடுத்தியா?”

“எடுத்தேன்க்கா” என்றாள் நாகஜோதி. அவளுக்குப் பொய் வராது. “வச்சிருந்ததும் எடுத்தேன். நகந்ததும் எடுத்தேன்.”

“தட்டு எப்பிடி நகரும்?” என்றார் விஜயபாண்டி.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் குருவம்மாள்.

பாலிதீன் உறையில்கூடச் சத்தம் இல்லை. ஐயாதுரை எழுந்து கிட்ட வந்தார். “அது எங்கம்மா இருக்கு?”

“ஒண்ணு ஸ்டுடியோவுல. ஒண்ணு எங்க வீட்டு பீரோவுல.”

“வேற யாரும் பாத்தாகளா?”

இல்லை அண்ணாச்சி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லத்தான் நாகஜோதி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ஃபிளக்ஸில் இருந்த பத்து முகத்தில் ஒன்றுகூட இப்படி இல்லை. திரும்பிக் குருவம்மாளைப் பார்த்தாள். அவள் தாலிச்சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பேசாமல் இருந்ததற்கு அவளுக்கு ஒரு பலனும் கிடைத்ததில்லை. அன்றைக்கு அவள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். பையின் ஜிப்பை ஒரு தடவை திறந்தாள். மறுபடி மூடினாள்.

முதலில் உடைந்தது குருவம்மாள். “அத்தான், நான் ஒண்ணு சொல்றேன். கல்யாண வீட்டுல பொம்பளைக சேலை மாத்துற எடம், தலை பின்னுற எடம்னு இருக்கும். அங்கல்லாம் ஆம்பள போட்டோக்காரரு வந்து நிக்கிறது நல்லாவா இருக்கு? இந்தப் பிள்ள அடக்கமான பிள்ள.”

“நானும் அதான் நெனச்சேன்” என்றார் ஐயாதுரை அவசரமாக. “மேடையிலயும் பொம்பளப்பிள்ள நின்னாத்தான் இப்பல்லாம் ஒரு இது. என்ன ஆவுடை?”

“அதத்தான நானும் சொல்றேன் அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன்.

“பேரு என்னம்மா உனக்கு?” மூன்று மணி நேரமாக அவள் முன்னால் உட்கார்ந்து காலத்தையே திருப்பச் சொன்னவர் அப்போதுதான் பேரைக் கேட்டார்.

“நாகஜோதி.”

“நாகஜோதியே வரட்டும். முழுக் கல்யாணமும் அது பொறுப்பு. அந்த ஒரிஜினல மட்டும்... பத்திரமா வச்சுக்கம்மா. என்ன?”

“வச்சிருக்கேன் அண்ணாச்சி.”

வாசலில் செருப்பு மாட்டும்போது பாண்டிசெல்வி வந்து கையைப் பிடித்தாள். “அக்கா, நான் கொட்டாவி விட்ட மாதிரி ஒண்ணு எடுத்தீகல்ல? அத எனக்கு அனுப்புங்க. ஆல்பத்துல இருக்கிறது யாருன்னே தெரியல.” அனுப்பினாள். பிள்ளை அதை அன்றைக்கே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டது. இருபத்திநாலு மணி நேரத்துக்கு அது ஒன்றுதான் அந்தச் சடங்கில் நடந்த உண்மை.

பஸ்ஸில் ஆவுடையப்பன் கிருஷ்ணன்கோவில்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டு வந்தார். எங்க ஸ்டுடியோவில் லேடி போட்டோகிராபர் போட்டிருக்கோம், இந்தச் சுத்துப்பட்டியிலேயே முதல்ல நான்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னார். நாகஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல படம் எடுத்ததற்காக யாராவது ஒரு வார்த்தை சொல்லி இந்த வேலை கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அதற்காக வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு அவள் பெரிய மனுஷி இல்லை. மறுநாள் கார்டு அச்சடிக்கக் கொடுக்கும்போது எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று அவளே சொன்னாள்.

தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரை மகன் கல்யாணம். மேடையில் பூவும் லைட்டும் கண்ணைப் பறித்தன. கீழே ஆயிரம் பேர் இருந்தார்கள். தாலி கட்டி முடிந்து குடும்பப் படத்துக்கு எல்லோரும் ஏறி நின்றார்கள். நடுவில் ஐயாதுரை, மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு.

நாகஜோதி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். இறக்கினாள்.

“அண்ணாச்சி, செத்த பின்னால போங்க.”

அவள் குரல் வழக்கம் போலச் சின்னதாகத்தான் வந்தது. முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் ஐயாதுரைக்குக் கேட்டது. ஒரு அடி பின்னால் போனார்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னொரு அடி போனார். பின்னால் பூ அலங்காரம் முதுகில் முட்டியது. குருவம்மாள் யாரும் சொல்லாமலே ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

“சிரிங்க அண்ணாச்சி.”

ஐயாதுரை சிரித்தார். நாகஜோதி உடனே அமுக்கவில்லை.